கூத்தின் உடுப்பு: களரியிலிருந்து மேடைக்கு

கெலிஓயாவிலிருந்து கண்டிப் பக்கமாகச் சில மைல் தூரம் போனால் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் வந்துவிடும். ஈழத்துத் தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகும் எவரும் அந்த வளாகத்தை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. 1962ஆம் ஆண்டு, அப்பொழுது அங்கே தமிழ் விரிவுரையாளராக இருந்தவரும் பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவருமான சு. வித்தியானந்தன் அவர்கள், மட்டக்களப்பு வடமோடிக் கூத்தான ‘கர்ணன் போர்’ நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அதனைத் தொடர்ந்து 1963இல் ‘நொண்டி நாடகம்’, பின்னர் ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என அறுபதுகள் முழுவதும் அம்முயற்சி நீண்டது. விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருங்கியது. கிராமத்துக் களரியை விட்டுப் படித்தவர் அமர்ந்து பார்க்கும் மண்டபத்துக்கு வந்தது. இவற்றையெல்லாம் பலரும் எழுதியுள்ளனர். பாட்டு எப்படித் தெரியப்பட்டது, ஆட்டம் எப்படிச் செப்பம் செய்யப்பட்டது என்பவற்றையும் எழுதியுள்ளனர். உடுப்பைப் பற்றி மட்டும் ஒரு பந்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ‘உடை, ஒப்பனை முதலியன’ என்ற தொடரில் அந்த ‘முதலியன’வுக்குக் கிடைக்கும் கவனமே உடைக்கும் கிடைக்கிறது.

இது நியாயமன்று என்பது என் எண்ணம். கூத்திலே உடுப்பானது ஆட்டத்தின் மேல் போர்த்திய துணி மாத்திரமன்று. அந்த உடுப்பே அந்த ஆட்டத்தை உண்டாக்கியது என்று சொல்லுமளவுக்கு இரண்டும் பிணைந்து கிடக்கின்றன. உடுப்பை மாற்றினால் ஆட்டம் மாறும். ஆட்டம் மாறினால், பெயர் பழையதாக இருந்தாலும் நாம் பார்ப்பது வேறு கூத்து.

வடமோடியில் அரசர்க்குரிய உடுப்புக்குக் கரப்புடுப்பு என்று பெயர். கரப்பு என்றால் என்னவென்று மட்டக்களப்புப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோழியை மூடி வைப்பதற்கும், ஆழமில்லாத நீரிலே மீனை அமுக்கிப் பிடிப்பதற்கும் உதவுகிற, மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த கூடை அது. அந்த வடிவத்திலே, பிரம்பு வளையங்களின் மேல் துணியை இட்டு இடுப்பிலிருந்து விரிந்து நிற்குமாறு அமைந்தது கரப்புடுப்பு. இடுப்புக்கு மேலே மார்புக் கவசம், தோள்களிலே புயக்கிரீடம், தலையிலே உயர்ந்த முடி, கால்களிலே சதங்கை. துணியிலும் அணியிலும் கண்ணாடித் துண்டுகளும் மினுங்கும் தாள்களும் ஒட்டப்பட்டிருக்கும். தென்மோடியில் இவ்வளவு பாரம் இல்லை. அங்கே முடியும் சிறிது, உடுப்பும் இலேசு. பூமுடி என்ற பெயரே அந்த இலேசை உணர்த்திவிடுகிறது.

இந்தப் பாரத்தையும் விரிவையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள். கரப்பு கட்டியவன் கையைத் தொங்கவிட முடியாது. கை உடுப்பிலே முட்டும். தோளிலே புயக்கிரீடம் இருப்பதால் கையை மிக உயர்த்தவும் முடியாது. ஆகவே பரதத்திலே கை செய்கிற வேலையைக் கூத்திலே கால் எடுத்துக்கொள்கிறது. மட்டக்களப்புக் கூத்திலே முத்திரைகள் வளராமல், காலடியும் சுற்றும் பாய்ச்சலும் மத்தளத்தோடு மல்லுக்கு நிற்கிற தாளக்கட்டும் வளர்ந்தமைக்கு இவ்வுடுப்பும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. ஆட்டக்காரன் சுழன்று நிற்கும்போது அவன் நின்றுவிட்டாலும் கரப்பு உடனே நிற்பதில்லை. அது தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் ஆடி ஓய்கிறது. பார்ப்பவனுக்கு அரசன் ஒருவன் பெருத்து நிற்பதாகத் தோன்றுவது அந்த ஓய்வில்தான்.

இனிக் களரியின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய கூத்துக் களரி வட்டமானது. பார்வையாளர் நாலு பக்கமும் இருப்பர். நடுவிலே அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும். அவர்களைச் சுற்றி ஆட்டம். அப்படிப்பட்ட இடத்தில் முன், பின் என்ற பேதம் கிடையாது. ஒருவனுக்கு முகம் தெரிகிற நேரத்தில் இன்னொருவனுக்கு முதுகு தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே வடிவமாகத் தெரிகிற உடுப்புத்தான் அங்கே பொருந்தும். வட்டக் களரிக்கு வட்ட உடுப்பு! இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடிப் பார்த்து நிலைத்த வடிவம் அது.

வெளிச்சமும் அப்படியே. பந்தத்தின் வெளிச்சமும் பின்னர் வந்த பெற்றோமக்ஸ் வெளிச்சமும் மின்விளக்கைப் போல ஒரே சீராக விழுவன அல்ல. பந்தச் சுடர் காற்றுக்கு அசையும். அசைகிற சுடருக்கு முன்னால் ஆடுகிற உடம்பிலே ஒட்டிய கண்ணாடித் துண்டு மின்னி மறையும், மறுபடியும் மின்னும். தூரத்தில் பாயிலே குந்தியிருக்கிற கிழவிக்கு ஆட்டக்காரனின் முகம் தெரியாவிட்டாலும் அரசன் வந்துவிட்டான் என்பது தெரிந்துவிடும். அதே கண்ணாடித் துண்டைப் பலமான மின்விளக்கின் கீழே கொண்டுவந்து நிறுத்தினால் அது வெறுமனே கண்ணைக் கூசவைக்கும், மலிவாகவும் தெரியும். கூத்து உடுப்பைப் பார்த்து ‘பகட்டு’ என்று முகஞ்சுளித்த நகரத்து ரசிகர் பலர், அதனை அதற்குரிய வெளிச்சத்தில் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னவர்கள்.

மட்டக்களப்பிலே ஒரு கூத்தைப் பழகி அரங்கேற்றுவதற்குப் பல கட்டங்கள் உண்டு. இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தெரிந்தெடுத்துச் சட்டம் கொடுப்பார்கள். பழக்கம் நடக்கும். ஓரளவு கால் படிந்த பின்னர் சதங்கை அணிவார்கள். அது ஒரு சிறு விழாவாகவே நடக்கும். பிறகு அடுக்குப் பார்த்தல், முடிவில் அரங்கேற்றம். உடுப்புக் கட்டி முடி வைத்து ஆட்டக்காரன் ஊருக்கு முன்னால் வருவது அந்த அரங்கேற்றத்தில்தான். அதுவரை அவன் அயல்வீட்டுக் கந்தசாமி. அன்றிரவு அவன் கர்ணன். மாதக்கணக்காகச் சாரத்தோடு பழகியவனை ஊர் முழுவதும் பார்த்திருக்கிறது. அந்தப் பழகிய கண்களுக்கு முன்னே உடுப்பு செய்கிற மாற்றம் எவ்வளவு பெரிதென்று நினைத்துப் பாருங்கள். அந்த இரவுக்காகச் செலவழிக்க ஆட்டக்காரன் வீட்டார் பின்னிற்பதில்லை. களரியைச் சுற்றி வெள்ளை கட்டுவது முதல் பெண் வேடத்துக்குச் சேலை தருவது வரை ஊரிலே ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்குகளுக்குள்ளே சாதியின் கட்டும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கூத்து உடுப்பு ‘இவன் அரசன்’ என்று சொல்லுமே தவிர, ‘இவன் இன்ன அரசன்’ என்று சொல்லாது. தருமனுக்கும் துரியோதனனுக்கும் உடுப்பு வகை ஒன்றுதான். யார் என்பதை வரவுப் பாட்டுச் சொல்லும். கவச குண்டலத்தைத் தானமாகக் கொடுத்துவிட்ட கர்ணன் மேடைக்கு வரும்போதும் மார்பிலே கவசம் மின்னத்தான் வருவான். தர்க்கம் பேசுகிறவர்களுக்கு இது குறையாகப் படலாம். கூத்தின் ஒழுங்கு வேறு. உடுப்பு குலத்தையும் நிலையையும் காட்டும். பாட்டு ஆளைக் காட்டும். ஆட்டம் அவன் மனத்தைக் காட்டும். மூன்றும் தத்தம் வேலையைப் பிரித்துக்கொண்டுள்ளன.

நாடகத்திலே வேடத்தின் இடத்தை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பரத சாத்திரம் அபிநயத்தை நான்காகப் பிரித்து, ஆங்கிகம், வாசிகம், சாத்துவிகம் ஆகியவற்றுக்குச் சமமாக ஆகாரியத்தை, அதாவது உடை அணி ஒப்பனையை வைத்தது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஆடுகிற பதினொரு ஆடல்களை எடுத்துக்கொண்டால், அவற்றுட் சிலவற்றில் வேடமே ஆடலாக இருப்பதைக் காணலாம். காமன் ஆடியது பேடிக் கோலத்தில். இந்திராணி ஆடியது உழத்தி கோலத்தில். கோலத்தை எடுத்துவிட்டால் அந்த ஆடலுக்குப் பெயரே மிஞ்சாது. அரங்கேற்று காதையிலே அரங்கின் நீளம், அகலம், உயரம், மூன்று வகை எழினி ஆகியவற்றை அளவோடு சொன்ன இளங்கோவடிகள், ஆடல்களைச் சொல்லும்போது அவ்வவற்றுக்குரிய அணியையும் மறவாமல் குறித்தார்.

நமது மேடை உடுப்பின் வரலாற்றிலே பெரிய உடைப்பு ஏற்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலாகும். பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் தெற்கே வந்தன. தீட்டிய திரைகளும் வெல்வெற் உடைகளும் சரிகையும் அவற்றோடு வந்தன. சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அவர் ‘அமலாதித்தன்’, ‘வாணிபுர வணிகன்’, ‘மகபதி’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தபோது, பாத்திரங்களின் பெயரோடு அவற்றின் உடையும் இந்நாட்டு உடையாயிற்று. டென்மார்க் இளவரசன் தமிழ் மேடையிலே ஓர் இந்திய இளவரசனாக வந்து நின்றான். அச்சபையின் கொழும்பு வருகை இங்கே பலரைத் தூண்டியது. கலையரசு க. சொர்ணலிங்கம் அவர்கள் இலங்கை சுபோத விலாச சபையைத் தோற்றுவித்தது அந்த வழியில்தான்.

இதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் வழியாக யாழ்ப்பாணத்தில் இசை நாடகம் வேரூன்றியது. இங்கேயும் அரசன் என்றால் வெல்வெற். கறுப்பிலோ சிவப்பிலோ வெல்வெற், அதிலே சரிகைக் கொடி. கரப்புக்கு இங்கே வேலையில்லை. ஏனெனில் இங்கே ஆட்டமில்லை, பாட்டே எல்லாம். நின்று பாடுகிறவனுக்கு விரிந்த உடுப்பு எதற்கு? ஆயினும் இசை நாடகத்தார் உடுப்பை அசட்டையாக எண்ணினர் என்று கொள்ளக் கூடாது. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்களின் ‘மயான காண்டம்’ ஈழத்திலே எத்தனையோ ஆயிரம் பேரை அழவைத்தது. அதிலே அரிச்சந்திரன் வெல்வெற்றிலே வருவதில்லை. சுடலை காக்கிறவனாக வருகிறான். அதற்கு முந்திய காண்டங்களில் சரிகையோடு வந்த அரசனை அறிந்தவர்க்கு, முரட்டுத் துணியும் கையிலே தடியுமாக அவன் நிற்கும் கோலம் ஒன்றே போதும். உடுப்பைக் களைவதும் ஓர் உடையமைப்புத்தான். அரிச்சந்திர நாடகத்தின் சோகத்திலே பாதி அங்கே இருக்கிறது.

மீண்டும் பேராதனைக்கு வருவோம். வித்தியானந்தன் கூத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னரே அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர அவர்கள் 1956 நவம்பரில் ‘மனமே’ நாடகத்தைக் கொழும்பு லயனல் வென்ட் அரங்கிலே மேடையேற்றியிருந்தார். சிங்கள நாடக உலகம் அதுவரை கண்டிராத ஒன்று அது. அதன் மூலம் ‘நாடகம’ என்னும் பழைய சிங்கள வடிவம். அந்த வடிவமோ நமது கத்தோலிக்கக் கூத்து மரபிலிருந்து சிங்களக் கரையோரத்துக்குப் போனது. இதனைச் சரச்சந்திர தமது ஆய்வு நூலிலே ஒளிக்காமல் எழுதியவர். அம்பலாங்கொடையைச் சேர்ந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற பழைய ஆசானை அழைத்து மாணவருக்கு இசையைப் பழக்குவித்தார். அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வருவது என்ற வழியை வித்தியானந்தனும் பின்பற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனை மாணவருக்குக் கூத்துப் பழக்கினார்.

‘மனமே’ நாடகத்தின் உடையையும் ஒப்பனையையும் அமைத்தவர் சிரி குணசிங்க. அவர் புதுக்கவிஞர், ஓவியக் கலை வரலாற்றை ஆராய்ந்தவர், பிற்காலத்திலே 1967இல் ‘சத் சமுதுர’ என்ற திரைப்படத்தை நெறிப்படுத்தியவர். பழைய நாடகமக்காரர் கட்டியதை அப்படியே கட்டாமல், வேண்டாதவற்றைக் கழித்து, வடிவத்தையும் நிறத்தையும் மட்டும் பேசவிடுகிற உடையை ஓவியக் கண்ணுள்ள ஒருவரால்தான் அமைக்க முடியும். மேடையிலே காடு இல்லை, மரம் இல்லை, அரண்மனை இல்லை. இளவரசனும் வேடுவ அரசனும் எதிரெதிரே நிற்கும்போது, ஒருவன் நாட்டிலிருந்து வந்தவன், மற்றவன் காட்டிலே பிறந்தவன் என்பதை அவர்களது உடையும் முகமுமே சொல்லிவிட வேண்டும். இளவரசி ஏன் ஒரு கணம் தடுமாறினாள் என்ற கேள்வி அந்நாடகத்தின் உயிர். அந்தக் கேள்வி பார்வையாளன் மனத்தில் எழவேண்டுமானால் வேடுவனும் கண்ணுக்கு அழகனாகத் தோன்ற வேண்டுமல்லவா? வேடுவன் என்பதற்காகச் சருகையும் கரியையும் பூசி அனுப்பியிருந்தால் நாடகம் அவ்விடத்திலேயே செத்திருக்கும்.

1961இல் வந்த ‘சிங்கபாகு’ இன்னும் ஒருபடி மேலே போயிற்று. பேராதனைத் திறந்தவெளி அரங்கிலே அது மேடையேறியது. அங்கே சிங்கம் ஒரு பாத்திரம். மகனால் கொல்லப்படுகிற தகப்பன். முழு முகமூடியை மாட்டிவிட்டிருந்தால் சிங்கம் தத்ரூபமாக இருந்திருக்கலாம். தகப்பனின் துயரம் முகமூடிக்குள்ளே புதைந்து போயிருக்கும். பிடரி மயிரும் தீட்டிய முகமுமாக, மனிதக் கண்ணும் வாயும் வெளியே தெரிய அந்தச் சிங்கம் பாடுகிறது. மாணவப் பருவத்திலே மரங்களுக்குக் கீழே கல்படியில் இருந்து அதைப் பார்த்தபோது, எனக்குச் சிங்களம் அரைகுறையாகவே விளங்கியது. சிங்கம் மனைவி மக்களைத் தேடிப் பாடும் இடத்தை விளங்கிக்கொள்ள அந்த அரைகுறையே போதியதாக இருந்தது.

வித்தியானந்தனுக்கு முன்னே இருந்த பிரச்சினை இதிலும் கடினமானது. சரச்சந்திர எழுதியவை புதிய நாடகங்கள். அவற்றுக்கு எந்த உடையைக் கொடுக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. வித்தியானந்தன் எடுத்துக்கொண்டதோ உயிரோடிருக்கிற ஒரு மரபு. மட்டக்களப்பிலே அது இன்னும் ஆடப்பட்டு வந்தது. அண்ணாவியார் பக்கத்திலே நின்றார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகவும் இருந்து, ‘அலங்கார ரூபன்’ முதலிய கூத்துக்களை அச்சேற்றியவருக்கு மரபிலே கை வைப்பது எவ்வளவு பொறுப்பான காரியம் என்பது தெரியும். அதே வேளை, நாலு பக்கமும் பார்க்க வேண்டிய ஆட்டம் இப்போது ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்கு வருகிறது. அசையும் பந்தத்துக்குப் பதிலாக அசையாத மின்விளக்கு வருகிறது. எட்டு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிறது. ஆண்களே பெண் வேடம் கட்டிய இடத்துக்குப் பல்கலைக்கழக மாணவிகள் வருகிறார்கள்.

இந்த நான்கு மாற்றங்களும் உடுப்பைத் தொடாமல் போகா. விடிய விடிய ஆடும்போது ஓர் அரசனின் வரவுக்கே வெகு நேரம் செல்லும். பார்வையாளன் அந்த உடுப்பை ஆறுதலாகப் பார்த்துப் பழகிக்கொள்வான். ஒன்றரை மணி நேரத்தில் அதற்கு அவகாசமில்லை. கண்ணில் பட்டதும் பதிகிற உடுப்பு தேவைப்படுகிறது. ஆணொருவன் பெண் வேடம் கட்டும்போது கொண்டையும் நகையும் மிகைப்பட வேண்டியிருந்தது. பெண்ணே பெண்ணாக வந்தபோது அந்த மிகை தேவையற்றதாயிற்று. படித்த குடும்பத்துப் பெண்பிள்ளைகள் கூத்தாட மேடையேறுவது அறுபதுகளிலே சிறிய விடயமன்று. என்ன உடுத்தி ஏறுவார்கள் என்ற வினா அவர்களது பெற்றோர் மனத்திலும் எழுந்தேயிருக்கும். கண்ணியமான உடையமைப்பு அந்தப் பெண்களுக்கு மேடையின் கதவைத் திறந்துவிட்டது என்பேன்.

இந்த மேடையேற்றங்களிலே வைத்து ‘இராவணேசன்’ தனித்துப் பேசத்தக்கது. பிரதியை ஆக்கி இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. மானத்தைப் பெரிதென எண்ணி அழியும் வீரனாக இராவணன் அங்கே வந்தான். அரக்கனாக அல்லாமல் அவலப் பாத்திரமாக ஒருவனைக் காட்ட நினைத்தவுடனே, பத்துத் தலையும் கோரப்பல்லும் தாமாகவே கழன்று போகின்றன. மகன் மாண்டதைக் கேட்கும் தகப்பனுக்கு ஒரு முகம் இருந்தால்தான் அழ முடியும். சிங்கபாகுவின் சிங்கத்துக்கும் இந்த இராவணனுக்கும் இடையிலுள்ள உறவை யாரேனும் ஆராய்ந்தால் நல்ல கட்டுரை ஒன்று கிடைக்கும்.

பின்னர் 1969இல் மௌனகுருவின் ‘சங்காரம்’ வடமோடி ஆட்டத்தைச் சமுதாயப் பிரச்சினைக்குப் பயன்படுத்தியது. அரசனுக்குப் பதிலாக உழைப்பாளி வந்தான். உழைப்பாளிக்குக் கரப்புடுப்பு கட்ட முடியுமா? முடியாது. ஆனால் அந்த ஆட்டமோ கரப்புக்காக வளர்ந்த ஆட்டம். கரப்பில்லாத உடம்பிலே அதே காலடிகளை ஆடும்போது கை சும்மா இருக்காது. ஏதாவது செய்யத் தேடும். புதிய கூத்துக்களிலே கையசைவும் உடலசைவும் பெருகியதை நான் இந்தக் கோணத்தில்தான் விளங்கிக்கொள்கிறேன். உடுப்புக் கழன்றது, ஆட்டம் மாறியது. இலாபமா நட்டமா என்பது பார்க்கிறவரின் சுவையைப் பொறுத்தது. இரண்டுமே நடந்தன என்பதே என் கருத்து.

தமிழகத்திலே இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. வடதமிழ்நாட்டின் தெருக்கூத்துக் கலைஞரில் ஒரு பகுதியினர் தங்கள் கலையைக் கட்டைக்கூத்து என்றே அழைக்கின்றனர். கட்டை என்பது மரத்திலே செதுக்கி, கண்ணாடி பதித்து, முடியாகவும் மார்பிலும் தோளிலும் கட்டும் அணி. கனமற்ற கல்யாண முருங்கை மரத்தை அதற்குப் பயன்படுத்துவர். 1990இல் காஞ்சிபுரத்தில் அவர்கள் சங்கம் அமைத்தபோதும் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டனர். தன் உடுப்பின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நாடகக் கலை உலகிலே வேறு எத்தனை இருக்கும்! கட்டை கட்டினால்தான் அது கூத்து என்ற உறுதி அந்தப் பெயரில் தெரிகிறது.

மலையகத்திலே இருந்துகொண்டு மட்டக்களப்பையும் காஞ்சிபுரத்தையும் மாத்திரம் பேசினால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். மாசி மாதத்திலே பிறை கண்டு கம்பம் ஊன்றி ஆடும் காமன் கூத்து இந்தக் கண்டிச் சீமையின் தோட்டங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வேரோடியது. ரதியும் மன்மதனும் ஆடி வருவார்கள். இரண்டும் ஆண்கள் கட்டும் வேடம். தூதன் வருவான், குறவன் குறத்தி வருவார்கள், எமன் வருவான், வீரபத்திரன் வருவான். கொழுந்துக் காசிலே மிச்சம் பிடித்த பணத்தில் மினுங்கும் தாள், அட்டை, சாயம், பழைய சேலை எல்லாம் வாங்கி லயத்து வாசலிலேயே உடுப்புத் தயாராகும். வீரபத்திரன் வேடம் கட்டியவரைப் பலர் பிடித்துக்கொள்ள, தீப்பந்தத்தோடு அவர் பாய்ந்து வருவதைச் சிறு பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்து நின்று பார்ப்பர். பகல் முழுக்க மலையிலே கங்காணியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நிற்பவர், அந்த உடுப்புக்குள்ளே இருக்கும்வரை யாருக்கும் பணியாதவர். நாடகக் கலை பற்றிய தடித்த நூல்களிலே இதைவிடத் தெளிவாக வேடத்தின் வேலையை நான் படித்ததில்லை.

இன்று பாடசாலை மேடையிலே நிலைமை என்ன? தமிழ் மொழித் தினப் போட்டியிலே நாட்டுக்கூத்து ஒரு போட்டி நிகழ்ச்சி. அதற்காக ஒவ்வொரு வருடமும் ஆசிரியர்கள் அலைகிறோம். வாடகைக் கடையிலே கிடைப்பது சினிமா அரசனின் உடுப்பு. உடம்போடு ஒட்டிய மேற்சட்டை, பளபளக்கும் காற்சட்டை, தோளிலே தொங்கும் போர்வை. சுற்றி ஆடும்போது போர்வை காலுக்குள் சிக்குகிறது. இராவணன் என்றவுடனே பிள்ளைகளுக்குப் பத்துத் தலை வேண்டும். அட்டையிலே வெட்டிய ஒன்பது தலைகளை இரு பக்கமும் கட்டிக்கொண்ட மாணவன் ஒருவன், ஒத்திகையிலே முதற் சுற்றுச் சுற்றியதும் பக்கத்திலே நின்ற மண்டோதரியின் கொண்டையைத் தட்டிவிட்டான். சிரிப்பு அடங்கிய பிறகு அவனே, “சேர், இதோட ஆட ஏலாது, நிக்கத்தான் ஏலும்” என்றான். அவனுக்கு அன்றைக்குச் சைக்கிள் கடையிலே பழைய ரயர் வளையம் ஒன்றும் வீட்டிலிருந்து தாயின் இரண்டு சேலைகளும் தேடி எடுத்துக் கரப்பு ஒன்று கட்டிக் கொடுத்தோம். பாரம் பிழை, வளையமும் சரியான வட்டமில்லை. ஆனாலும் இடுப்பிலே அது ஏறியவுடன், யாரும் சொல்லாமலே அவன் கால்கள் அகன்றன, முதுகு நிமிர்ந்தது, கைகள் பக்கத்துக்கு விரிந்தன. அண்ணாவி மரபிலே வராத பிள்ளைக்கு அந்த நிலையை யார் கற்பித்தது?

அறுபதுகளின் பேராதனை மேடையேற்றங்களின் புகைப்படங்கள் சில நூல்களிலும் மலர்களிலும் வெளிவந்துள்ளன. யாவும் கறுப்பு வெள்ளை. உடுப்பின் வடிவத்தை அவை காட்டுகின்றன, நிறத்தைக் காட்டா. செல்லையா அண்ணாவியாரிடம் பழகி அந்த உடுப்புக்களை உடம்பிலே சுமந்து ஆடிய அன்றைய மாணவ மாணவிகள் இன்று எண்பதைத் தொட்டும் தாண்டியும் உள்ளார்கள். கர்ணனின் கரப்பு எந்த நிறம், அதன் வளையம் யாருடைய கையில் வளைந்தது, எத்தனை இறாத்தல் பாரம், ஆடி முடிந்து அவிழ்த்தபோது தோளிலே எங்கெங்கே தழும்பு இருந்தது என்பனவற்றை அவர்களால் சொல்ல முடியும். பல்கலைக்கழகத்து நுண்கலை மாணவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்த வீடுகளின் கதவைத் தட்டுவாரானால், உள்ளே ஒரு பழைய ட்ரங்குப் பெட்டியும் திறக்கப்படலாம்.